கண்ணாடிக் குழாயின் கழுத்தில் குங்குமம்

எனக்குக் கோபம் வராது என்று எல்லாரும் சொல்வார்கள். என் வீட்டுக்காரரும் சொல்வார், கோயிலில் என்னோடு ஜெபமாலை சொல்லும் பெண்களும் சொல்வார்கள். பழனியம்மாக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் மட்டும் அது வந்துவிடுகிறது. பாதிக் கோபம் மற்றவர்கள் மேல். மீதி என் மேல். எதையும் மறைக்காமல் எழுத வேண்டும் என்று ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டுதான் பேனாவை எடுத்திருக்கிறேன்.

என் பெயர் அமலராணி. திண்டுக்கல்லில் இருந்து வத்தலக்குண்டு போகும் ரோட்டில் ஒரு காலேஜில் கூட்டிப் பெருக்கும் வேலை பார்க்கிறேன். படித்தது அஞ்சாம் வகுப்பு வரை. கெமிஸ்ட்ரி டிபார்ட்மெண்ட் இருக்கிற மாடி முழுவதும் என் பொறுப்பு. அதே மாடியில் லேபில் கண்ணாடிச் சாமான்கள் கழுவுகிறவள்தான் பழனியம்மாக்கா.

அக்கா பிறந்தது ஆத்தூர். வாக்கப்பட்டது சித்தையன்கோட்டை. வீட்டுக்காரர் மலைச்சாமி குத்தகை நிலத்தில் கத்தரியும் மல்லிகையும் போடுகிறவர். அணை வறண்டு செடியெல்லாம் கருகி நின்ற ஒரு வருசம், செம்பட்டி வந்து பஸ் மாறி இந்தக் காலேஜுக்கு வேலை கேட்டு வந்தாள். ஒரு வருசத்துக்கு என்று வந்தவள் பத்தொன்பது வருசமாகக் கழுவிக்கொண்டிருக்கிறாள். இன்னும் டெம்பரவரிதான்.

கழுவுகிறாள் என்று சும்மா சொல்லிவிட்டுப் போக முடியாது. அவள் கழுவுவதை ஒரு நாள் நின்று பார்த்தால்தான் தெரியும். முதலில் சோப்பு, பிறகு குழாய்த் தண்ணீர், பிறகு ஆசிட், கடைசியில் காய்ச்சி வடித்த தண்ணீர் மூன்று தரம். அதோடு முடியாது. கழுவியதைச் சாய்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடிப்பாள். தண்ணீர் கண்ணாடியின் மேல் ஒரே தகடாக வழிந்து இறங்க வேண்டும். எங்கேயாவது ஒரு முத்து நின்றால் அங்கே அழுக்கு இருக்கிறது என்று அர்த்தம். அந்த ஒரு முத்துக்காக மறுபடியும் சோப்பில் இருந்து ஆரம்பிப்பாள்.

மாணவர்கள் அவசரத்தில் தாங்களே கழுவி வைத்தால் விடமாட்டாள்.

"முத்து நிக்குது பாருங்க தம்பி. வெஞ்சனச் சட்டியவா கழுவுனீங்க?"

"கண்ணுக்கே தெரியலக்கா."

"ஒங்க கண்ணுக்குத் தெரியாது. தண்ணிக்குத் தெரியும். கொண்டாங்க இங்க."

ஒரு தடவை ஒரு பையன் அவளுடைய சோற்று டப்பாவைக் காட்டி, "ஒங்க டப்பாவுல நூறு முத்து நிக்குதேக்கா" என்றான். அவள் அசரவில்லை. "அது நான் திங்கிறது. அதுல தப்புன்னா எனக்கு வயித்த வலி, அம்புட்டுத்தான். இதுல தப்புன்னா ஒங்க படிப்பே தப்பு" என்றாள்.

இரண்டு வருசத்துக்கு முன்னால் தமிழ்மதி என்ற பெண் ஆராய்ச்சி செய்ய வந்தாள். ஒட்டன்சத்திரம் பக்கம் ஊர். எங்களிடம்கூட வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டுத்தான் பேசுவாள். டிபார்ட்மெண்ட் தலைவர் ஸ்டீபன்ராஜ் சார்தான் அவளுக்கு வழிகாட்டி. அவள் செய்யும் ஆராய்ச்சி என்னவென்று நான் ஒரு நாள் தரையைத் துடைத்துக்கொண்டே கேட்டேன். வேலையை நிறுத்திவிட்டுச் சொன்னாள்.

நட்சத்திரங்களுக்கு நடுவே வெறும் இருட்டு என்று நாம் நினைக்கிறோம். அங்கேயும் தூசி இருக்கிறதாம். அந்தத் தூசியின் மேல் தண்ணீரும் அமோனியாவும் மெத்தனாலும் பனியாக உறைந்து ஒட்டிக்கொள்ளுமாம். நட்சத்திரத்தின் வெளிச்சம் அந்தப் பனியில் விழுந்து விழுந்து, எத்தனையோ லட்சம் வருசத்தில், உயிருக்கு வேண்டிய சாமான்கள் அதற்குள்ளேயே உண்டாகியிருக்கலாம். அமினோ அமிலம் என்று அவற்றுக்குப் பெயர். நம் சதையில் பெரும்பகுதி அதைக் கோத்துக் கோத்துக் கட்டியதுதானாம். விண்கற்களோடு அது பூமிக்கு வந்து விழுந்து, அதில் இருந்துகூட நாம் எல்லாரும் வந்திருக்கலாம்.

அந்தப் பனியை இந்த லேபில் செய்து பார்க்கிறாள் தமிழ்மதி. காற்றை உறிஞ்சி எடுத்த ஒரு கண்ணாடி ஜாடி. அதன் வாய் வழியாக உள்ளே இறங்கும், அடி மூடிய ஒரு கண்ணாடிக் குழாய். குழாய்க்குள் திரவ நைட்ரஜன் ஊற்றுவாள். மாட்டு ஆஸ்பத்திரியில் சினை ஊசியைப் போட்டு வைத்திருக்கும் டப்பாவைத் திறந்தால் வெள்ளைப் புகை வருமே, அதே திரவம்தான். குழாய் அப்படிக் குளிர்ந்ததும் ஜாடிக்குள் ஆவியை விட்டால், குழாயின் வெளிப்புறத்தில் பனி படியும். அதன் மேல் ஒரு விளக்கின் வெளிச்சம் மூன்று வாரம் விழ வேண்டும். பிறகு குளிர் எடுத்துப் பனி போனதும், பால் காய்ச்சிய சட்டியின் அடியில் நிற்கிற மாதிரி ஒரு பழுப்புக் கறை நிற்கும். அந்தக் கறைக்குள்தான் எல்லாம்.

எனக்கு மனம் சங்கடமாக இருந்தது. "மண்ணுல இருந்து ஆண்டவர் மனுசனப் படைச்சாருன்னுதான் எங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்க. இது அதுக்கு எதிரா போகாதா பாப்பா?" என்று கேட்டேன்.

"யாரு செஞ்சாங்கன்னு நாங்க தேடலீங்கக்கா. எப்படி நடந்துருக்கும்னுதான் பாக்கறோம்" என்றாள்.

பழனியம்மாக்கா தொட்டியில் இருந்து தலையைத் திருப்பாமலே சொன்னாள்: "சாமியே செஞ்சிருந்தாலும் பாத்திரம் சுத்தமா இருந்துருக்கணும்ல. யாரு கழுவுனாகளோ."

இந்த வேலையில் பாத்திரம் எவ்வளவு சுத்தமாக இருக்க வேண்டும் என்றால், மனித விரலே படக் கூடாது. நம் வியர்வையிலேயே அந்த அமினோ அமிலம் இருக்கிறது. ஆகவே அக்கா குழாயைக் கழுவி, அலுமினியத் தாளில் சுற்றி, மின்சாரச் சூளையில் ஐந்து மணி நேரம் ஐந்நூறு டிகிரியில் வைப்பாள். ஒட்டியிருந்த எதுவும் எரிந்து போய்விடும். ஆறினதும் கையுறை போட்டு, இடுக்கியால் எடுத்து, தாளைப் பிரிக்காமல் அப்படியே மேஜையில் வைப்பாள். இதைத் தமிழ்மதி ஒரு தடவைதான் சொல்லிக்கொடுத்தாள். அதற்குப் பிறகு அக்காதான் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள்.

போன வருசம் ஆயுத பூஜை வந்தது. லீவுக்கு முந்தின நாள் மத்தியானம் டிபார்ட்மெண்டில் பூஜை. எங்கள் பக்கம் இது வழக்கம். பட்டறையில் சுத்தியலுக்கும் பஸ்ஸில் ஸ்டியரிங்குக்கும் பொட்டு வைக்கிற மாதிரி, லேபில் தராசு, அடுப்பு, ஃபிரிட்ஜ், கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். வாசலில் வாழைக்கன்று, மேஜையில் பொரி கடலை. டிபார்ட்மெண்ட் தலைவர்தான் தன் கையால் பொட்டு வைக்க வேண்டும். ஸ்டீபன்ராஜ் சார் எங்கள் சபைக்காரர், ஞாயிற்றுக்கிழமை பூசையில் முன் வரிசையில் நிற்கிறவர். இருந்தாலும் வருசா வருசம் ஆயுத பூஜைக்குச் சந்தோசமாகப் பொட்டு வைப்பார். அதை நான் தப்பு என்று சொல்ல மாட்டேன். எல்லாரோடும் கலந்து இருப்பது நல்லதுதான்.

தமிழ்மதி அன்று காலையிலேயே ஊருக்குப் பஸ் ஏறிவிட்டாள். சந்தனத் தட்டை அக்கா பிடித்திருந்தாள். நான் பொரித் தட்டை வைத்துக்கொண்டு பின்னால் போனேன். சார் ஒவ்வொன்றாகப் பொட்டு வைத்துக்கொண்டே தமிழ்மதியின் மேஜைக்கு வந்தார். அலுமினியத் தாளில் சுற்றிய குழாய் அங்கே இருந்தது.

"அது வேணாம் சார்" என்றாள் அக்கா. "சூளையில வச்சு எடுத்தது. விரல் படக் கூடாது."

"மெயினான சாமானே இதுதான், இத விடலாமா பழனியம்மா?"

"அப்படின்னா தாளுக்கு மேல வச்சிருங்க சார்."

"தாளுக்குப் பொட்டு வச்சு என்ன புண்ணியம்?" என்று சிரித்துக்கொண்டே அவர் தாளைப் பிரித்தார். இடது கையால் குழாயின் அடியைப் பிடித்துக்கொண்டு, வலது கை மோதிர விரலால் கழுத்தில் சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்தார். ஜாடி வாயில் காற்றுப் புகாமல் இறுகப் பொருந்துவதற்காக அந்தக் கழுத்தை அரைத்துச் சொரசொரப்பாக்கி இருப்பார்கள். பொட்டு அந்தச் சொரசொரப்பில் நன்றாகப் பிடித்தது. மறுபடி தாளைச் சுற்றி வைத்துவிட்டு அடுத்த மேஜைக்குப் போய்விட்டார்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "லீவு முடிஞ்சு வந்து மொதல்ல இருந்து கழுவணும்" என்று முணுமுணுத்தாள். நான் தலையை ஆட்டினேன். இதை நான் என் கண்ணால் பார்த்தேன், காதால் கேட்டேன். பின்னால் வருவதற்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

லீவு முடிந்து அக்கா வந்தபோது குழாய் ஜாடிக்குள் இருந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. விஜயதசமி எதையும் தொடங்க நல்ல நாள் என்று சார் அன்றைக்கே வந்து, பொட்டைக் கைக்குட்டையால் துடைத்து, தானே குழாயை மாட்டிவிட்டு, தமிழ்மதியைப் போன் பண்ணி வரவழைத்திருக்கிறார். அவள் வந்தபோது எல்லாம் தயாராக இருந்தது. பொட்டு வைத்த கதையே அவளுக்குத் தெரியாது. அக்கா நேராக சார் ரூமுக்குப் போய்ச் சொன்னாள். அவர் ஏதோ பேப்பர் திருத்திக்கொண்டே, "துடச்சாச்சும்மா, நீங்க போங்க" என்றாராம். சாரே அப்படிச் சொன்ன பிறகு அக்கா அதைத் தமிழ்மதியிடம் கொண்டுபோகவில்லை.

மூன்று வாரம் ஓடியது. குளிரை எடுத்தார்கள். கறை நின்றது. அதைக் கழுவி எடுத்துப் பெங்களூருக்குச் சோதனைக்கு அனுப்பினார்கள். அமினோ அமிலம் நிறைய இருக்கிறது என்று முதல் தகவல் வந்ததும் சார் லட்டு கொடுத்தார். திண்டுக்கல் லேபில் உயிரின் விதை உண்டானது என்று பேப்பரில் போட்டோவோடு செய்தியும் வந்துவிட்டது. போட்டோவில் சார் அந்த ஜாடிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

பத்து நாள் கழித்து முழு ரிப்போர்ட் வந்தது. அதை எனக்குத் தமிழ்மதி விளக்கியது இப்படி. அமினோ அமிலம் பெரும்பாலும் செருப்பு ஜோடி மாதிரி, இடது ஒன்று, வலது ஒன்று என்று இரண்டு விதமாக இருக்கும். வெறும் பனியும் வெளிச்சமும் சேர்ந்து உண்டாக்கினால் இரண்டும் சரிபாதி இருக்கும். உயிருள்ள உடம்பில் இருந்து வந்தால் அநேகமாக இடது மட்டும்தான் இருக்கும். ரிப்போர்ட்டில் எல்லாமே இடது. அதிலும் மனிதத் தோலில் அதிகமாக இருக்கிற வகைதான் முன்னால் நின்றது.

"வானத்துல இருந்து வந்ததில்லீங்கக்கா. யாரோ தொட்டுருக்காங்க" என்று சொல்லிவிட்டு அவள் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

மறுநாள் லேபில் கூட்டம் போட்டார்கள். புராஜக்ட்டுக்குப் பணம் கொடுத்தவர்கள் விளக்கம் கேட்டிருந்தார்களாம். சார், தமிழ்மதி, ஆபீஸில் இருந்து ஒருவர். அக்காவைக் கூப்பிட்டு நிற்க வைத்தார்கள். நான் வாசலில் துடைப்பத்தோடு நின்றேன்.

"சாமான் கழுவுனது நீங்கதான, பழனியம்மா?" என்று சார் கேட்டார்.

"நாந்தான் சார்."

"கையுறை போட்டுத்தான் கழுவுனீங்களா?"

"எப்பவும் போட்டுத்தான். நீங்க அன்னைக்குப் பொட்டு வச்சது..."

"நான் கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. கழுவுற எடத்துல வேற யாரு கை படும்?"

அக்கா வாசலைத் திரும்பிப் பார்த்தாள். என்னைத்தான் பார்த்தாள். நான் பார்த்ததை ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் துடைப்பத்தைப் பார்த்தேன். என் வேலையும் டெம்பரவரி. வீட்டில் மூத்தவள் கல்யாணத்துக்கு நிற்கிறாள். இதெல்லாம் உண்மைதான். ஆனாலும் அன்று நான் செய்தது தப்பு. ஆண்டவரையே மூன்று தரம் தெரியாது என்று சொன்ன சீடரை நினைத்துப் பரிதாபப்படுகிறவள் நான். அவராவது வாயைத் திறந்து பொய் சொன்னார். நான் வாயையே திறக்கவில்லை.

சாயங்காலம் ஆபீஸில் இருந்து ஒரு தாள் வந்தது. கடைசி வரியில் கையெழுத்துப் போட இடம் விட்டிருந்தார்கள். அக்காவுக்குப் பெயர் எழுதத் தெரியும், கூட்டி வாசிக்க வராது. என்னிடம் நீட்டினாள்.

"படி."

நான் படித்தேன். பழனியம்மாள் ஆகிய எனது கவனக்குறைவினால் கண்ணாடிச் சாதனங்கள் முறையாகச் சுத்தம் செய்யப்படாமல் மாசுபட்டன என்பதை ஒப்புக்கொள்கிறேன், இனி இவ்வாறு நேராது என உறுதியளிக்கிறேன் என்று இருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போடாவிட்டால் திங்கட்கிழமை முதல் வர வேண்டாம் என்று வாய்வார்த்தையாகச் சொல்லியிருந்தார்கள்.

"மறுபடி படி. முறையாங்குற எடத்த."

படித்தேன்.

"பத்தொம்பது வருசம்" என்றாள். அவள் குரல் உயரவே இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது. "என் புருசன் கிட்ட திட்டு வாங்கிருக்கேன். மாமியா கிட்ட வாங்கிருக்கேன். சமைக்கத் தெரியாதவன்னு சொல்லுவாக, வாயாடின்னு சொல்லுவாக. சொல்லிட்டுப் போகட்டும். ஒருத்தரும் எனக்குக் கழுவத் தெரியாதுன்னு சொன்னதில்ல."

"போட்டுட்டு வேலையப் பாருங்கக்கா. வெறும் தாளுதான..."

"நீ பேசாத அமலா. அங்க பேச வேண்டிய எடத்துல பேசல. இங்க எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டா."

தாளைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள். அதற்குப் பிறகு மூன்று நாள் என்னோடு பேசவில்லை. மத்தியானம் நாங்கள் சேர்ந்து சாப்பிடும் மாடிப்படிக்கு வரவில்லை. தொட்டிக்கு முன்னால் நின்று கழுவிக்கொண்டே இருந்தாள். யாரும் கேட்காத சாமான்களை எல்லாம் அலமாரியில் இருந்து இறக்கிக் கழுவினாள். கண்ணாடி ஒன்றோடு ஒன்று படும் சத்தம் மாடி முழுக்கக் கேட்டது. ஒன்றுகூட உடையவில்லை.

சார் ஒரு தடவை அந்தப் பக்கம் வந்து, "கையெழுத்து ஒரு ஃபார்மாலிட்டிதான் பழனியம்மா. உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாது, நான் பாத்துக்கறேன்" என்று இதமாகச் சொன்னார். அவள் குழாயைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தபடியே, "தள்ளி நில்லுங்க சார். தெறிக்கும்" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை அக்கா தமிழ்மதியிடம் போனாள். நான் அந்த ரூமில்தான் ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"அந்த ஊதா மருந்து இருக்கா பாப்பா? ரொம்ப வருசம் முந்தி பாட்டில் ஒடஞ்சு என் கையில பட்டுச்சு. ஒரு வாரம் நாவப்பழம் தின்னவளாட்டம் விரலெல்லாம் ஊதா. அப்ப இருந்த மேடம், ஒன் வேர்வையில இருக்குறதத்தான் அது காட்டுதுன்னாக. நீங்க தேடுறதும் அதுதான?"

தமிழ்மதி நிமிர்ந்து பார்த்தாள். "நின்ஹைட்ரின். அமினோ அமிலம் பட்டா ஊதா ஆகுமுங்க."

"அப்ப அந்தக் குழாயில போட்டுப் பாரு. நேத்து நான் கழுவுன குழாயிலயும் போட்டுப் பாரு."

"சார் என்ன சொல்லுவாரோங்கக்கா. என்ற படிப்பே அவரு கையிலதானுங்க இருக்குது."

"அந்தத் தாள்ல என் பேரப் போடும்போது பழனியம்மா என்ன சொல்லுவாளோன்னு ஒருத்தராச்சும் நெனச்சீகளா?"

தமிழ்மதியின் முகம் சிவந்துவிட்டது. எழுந்து கையுறை போட்டாள். பழைய குழாயை அலமாரியில் இருந்து எடுத்தாள். கறை நின்ற அடிப்பக்கத்தை மட்டும்தான் அன்றைக்குக் கழுவி எடுத்திருந்தார்கள், கழுத்து அப்படியே இருந்தது. வடிகட்டும் தாளை நனைத்து அந்தக் கழுத்தைத் துடைத்தாள். இன்னொரு தாளால் அக்கா நேற்று கழுவிய குழாயைத் துடைத்தாள். இரண்டிலும் மருந்தைத் தெளித்துச் சூடான தட்டின் மேல் இடுக்கியால் வைத்தாள்.

செத்த நேரம் ஒன்றும் இல்லை. பிறகு முதல் தாளில் நாவல்பழக் கறை மாதிரி எழும்பி வந்தது. இரண்டாவது தாள் வெள்ளையாகவே கிடந்தது. தமிழ்மதி அதை எடுத்து இன்னொரு தரம் மருந்து தெளித்து மேஜையில் வைத்தாள்.

அப்போதுதான் சார் உள்ளே வந்தார். ஒரே பார்வையில் அவருக்கு விசயம் புரிந்துவிட்டது. "யாரக் கேட்டு இதெல்லாம் பண்றீங்க?" என்றார்.

"அக்கா கேட்டாங்க சார்" என்றாள் தமிழ்மதி. பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துப் பழைய குழாயின் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இங்க சிவப்பா ஒரு கோடு தெரியுதுங்க சார். சொரசொரப்புக்குள்ள ஏறியிருக்குது. குங்குமமுங்களா இது?"

"அது வெளிக் கழுத்துதானே. பனி படிஞ்சது கீழ."

"கீழ எதப் பிடிச்சுக்கிட்டுப் பொட்டு வச்சீங்க சார்?" என்று அக்கா கேட்டாள். "தட்டு என் கையில இருந்துச்சு. குழாய் ஒங்க கையில இருந்துச்சு."

"நினைவில்லை" என்றார் சார். அவர் பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. நினைவில் வைத்துக்கொள்கிற அளவுக்கு அவருக்கு அது பெரிய விசயமாக இருக்கவில்லை. அதை நினைத்தபோதுதான் எனக்குள் என்னவோ மளமளவென்று ஏறியது.

"நான் அங்க இருந்தேன் சார்" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையது போலக் கேட்டது. "அக்கா வேணாம்னு சொன்னாங்க. தாளுக்கு மேல வைங்கன்னும் சொன்னாங்க. நீங்கதான் பிரிச்சீங்க. இடது கையால அடியப் பிடிச்சீங்க."

அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. "இப்பத்தான் மகாராணிக்கு வாய் வந்துருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

சார் என்னைப் பார்த்த பார்வையை எழுத வேண்டாம். அவர் மேஜைக்கு வந்து, வெள்ளையாகக் கிடந்த இரண்டாவது தாளை வெறும் கையால் எடுத்தார். இன்னும் ஈரம் காயாமல் இருந்தது. "இதுல மருந்தே சரியாப் படல. பட்டிருந்தா இதுலயும் கலர் வந்திருக்கும். இப்படி அரைகுறையா ஒரு டெஸ்ட் பண்ணிட்டு ஆளைக் குத்தம் சொல்லக் கூடாது" என்று அதை ஆட்டி ஆட்டிப் பேசிவிட்டு, மறுபடி சூட்டுத் தட்டில் போட்டார்.

நாங்கள் நாலு பேரும் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றோம். தாளின் நடுவில் ஒன்றும் இல்லை. ஒரு ஓரத்தில் மெல்ல மெல்ல ஒரு கட்டைவிரல் எழும்பியது. ரேகை ரேகையாக, ஊதா நிறத்தில். தமிழ்மதி இடுக்கியால் தாளைத் திருப்பிப் போட்டாள். பின்பக்கத்தில் இரண்டு விரல்கள்.

"மருந்து நல்லாத்தான் பட்டுருக்கு சார்" என்றாள் பழனியம்மாக்கா.

சார் உட்கார்ந்துவிட்டார். வெகுநேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "சரிம்மா. அந்த லெட்டர விட்டுருவோம். நீங்க கையெழுத்துப் போட வேண்டாம்" என்றார்.

"அது போதாது சார். எப்படி ஆச்சுன்னு கேட்டவகளுக்கு என்ன எழுதுவீங்க?"

"ஏதாவது பொதுவா எழுதிக்கலாம்."

"பொதுவா எழுதுனா லேபுல பொதுவா யாருன்னு கேப்பாக. கழுவுறவதான் நிப்பா. எழுதுங்க. நான் இருக்கேன்."

அவர் தாள் எடுத்து எழுதினார். முடித்ததும் அக்கா அதை வாங்கி, மூன்று நாளில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்து, "படி" என்றாள்.

ஆயுத பூஜை நாளன்று நேர்ந்த தவறினால் குழாய் மாசுபட்டது என்று இருந்தது.

"நாளா வந்து தொட்டுச்சு?" என்றாள் அக்கா. "நாளு மேல பழி போடாதீங்க. அதுவும் அந்த நாளு மேல போடாதீங்க."

அவர் அதைக் கிழித்துவிட்டு இன்னொன்று எழுதினார். சுத்தம் செய்து வைக்கப்பட்டிருந்த குழாயை, பணியாளர் தடுத்தும், நான் வெறும் கையால் தொட்டேன், மறுபடி சுத்தம் செய்யாமல் நானே பொருத்தினேன் என்று இருந்தது. நான் எழுத்துக் கூட்டி நிதானமாகப் படித்தேன். பணியாளர் என்ற இடத்தில் அக்கா நிறுத்தச் சொன்னாள்.

"பேரு?"

சார் பேனாவை எடுத்து அந்த இடத்தில் அவள் பெயரைச் சேர்த்தார். கையெழுத்தும் போட்டார். அவருடைய கட்டைவிரலில் அதற்குள் இலேசாக ஊதா ஏறியிருந்தது. "என்னை மன்னிச்சிருங்க பழனியம்மா" என்றார். அக்கா தாளை மடித்துத் தமிழ்மதியிடம் கொடுத்தாள். "குழாயக் கொண்டாங்க பாப்பா, கழுவணும்" என்று சொல்லிவிட்டுத் தொட்டிக்குப் போய்விட்டாள்.

மன்னித்தாளா என்று நான் இதுவரை கேட்கவில்லை. மன்னிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கப்பட்டவள்தான் நான். ஆனால் யார் மன்னிக்க வேண்டுமோ அவள் தலைக்கு மேல் நின்றுகொண்டு அவசரப்படுத்த எனக்கு என்ன உரிமை இருக்கிறது? அதற்குப் பிறகு அந்த வார்த்தையை சார் ரொம்பச் சுலபமாகப் பலரிடமும் சொன்னார். நான்தான் மன்னிப்புக் கேட்டுட்டேனே என்று. அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. பத்தொன்பது வருசச் சுத்தத்தை ஒரு டைப் அடித்த தாளில் இல்லாமல் ஆக்கப் பார்த்தவர்களுக்கு, அதைத் திருப்பிக் கொடுத்ததற்குக்கூடப் பாராட்டு வேண்டியிருக்கிறது.

தமிழ்மதி முதலில் இருந்து ஆரம்பித்தாள். அந்தத் தடவை கறை ரொம்பக் கொஞ்சமாகத்தான் வந்தது. பெங்களூர் ரிப்போர்ட்டில் ஒன்றிரண்டு வகைதான் இருந்தன. ஆனால் இடதும் வலதும் சரிபாதி. அவள் தாளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து முதலில் தொட்டிக்காரியிடம்தான் காட்டினாள்.

"ஜோடி சேந்துருச்சுங்கக்கா."

"பின்ன, சேராம?" என்றாள் அக்கா.

என்னோடு பேசுகிறாள். மாடிப்படியில் சேர்ந்துதான் சாப்பிடுகிறோம். ஆனால் ஏதாவது ஒரு பேச்சில், "நீ அன்னைக்குத் தொடப்பத்தப் பாத்துட்டு நின்னவதான" என்று சொல்லிவிடுவாள். அவள் சொல்வது சரிதான்.

இந்த வருசமும் ஆயுத பூஜை வந்தது. வாழைக்கன்று கட்டினார்கள், பொரி வந்தது. சார் முன்னால் போக, சந்தனத் தட்டை இந்தத் தடவை நான் பிடித்திருந்தேன். தமிழ்மதியின் மேஜை துடைத்துக் காலியாகக் கிடந்தது. குழாய் சூளைக்குள் இருந்தது. சூளைக் கதவைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு பழனியம்மாக்கா அதன் முன்னால் நின்றாள். கதவின் வெளிப்பக்கத்தில் வட்டமாகச் சந்தனம், நடுவில் குங்குமம், மேலே சித்தையன்கோட்டை மல்லிகை ஒரு முழம். காலையிலேயே குளித்து வந்து அவளே வைத்தது.

"இதுக்கு வச்சாச்சு சார்" என்றாள். "நீங்க அடுத்த ரூமுக்குப் போங்க."

சார் போனார். நான் தட்டோடு பின்னால் போனேன்.